ஆலை மூடிய ஊரில் எழுந்த பாட்டு



நம் பங்கின் திருவிழாவை முன்னிட்டுக் கலை நிகழ்ச்சிகளைத் திட்டமிட, சென்ற மாதம் ஒரு மாலையில் இளையோர் கூடினர். குழுப்பாடல், கும்மி, இறுதியாகப் பாட்டுகள் நிறைந்த ஒரு நகைச்சுவை நாடகம் என்று பட்டியல் தயாராயிற்று. அந்த நாடகத்தில் முதன்மை வேடம் ஏற்றிருந்த சிறுமியின் தந்தை மறுநாள் அறைவீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்தவர் அவர். நான்கு மாதங்களுக்கு முன் அந்த ஆலையின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அன்றோடு சங்கு ஊதுவது நின்றது.

"சாமி, என் மகளை அந்த நாடகத்திலிருந்து விட்டுவிடுங்கள். வேலை போன வீட்டில் சிரிப்பும் பாட்டும் எதற்கு? ஊரார் எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கா?" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பே இருந்தது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கூலியை இழந்த ஒருவருக்கு ஆறுதல் சொற்கள் எவ்வளவு எளிதில் கசந்துபோகும் என்பதைப் பல இல்லங்களில் கண்டவன் நான். ஆகவே அவரை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்துவிட்டு, ஒரு பழைய படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அன்று அவரிடம் சொன்னதையும், அதற்கு அவர் கேட்ட கேள்வியையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

குருமடத்தில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த முதிய குரு ஒருவர் இளமையில் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் பயின்றவர். மழையால் விளையாட்டு நின்றுபோன மாலைகளில் தம் பழைய இசைத்தட்டுகளைச் சுழலவிடுவார். 1930-களின் ஆங்கிலேய இசை நகைச்சுவைப் படங்களின் பாட்டுகள் அவை. இலக்கணத்தில் அணுவளவும் விட்டுக்கொடாத அந்த மனிதர், அப்பாட்டுகளைக் கேட்கும்போது மட்டும் மேசைமேல் விரலால் தாளம் போடுவார். படங்களின் கதையை அவர் வாயால் கேட்டேன். பல ஆண்டுகள் கழித்து, என் அக்காள் மகன் குறுந்தகடுகளாக வாங்கி வந்தபோதுதான் அவற்றைக் கண்ணால் கண்டேன். கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒலி சற்றே கரகரக்கிறது. எனினும் அவற்றில் ஏதோ ஓர் இனிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் அந்தத் தந்தைக்குச் சொன்ன கதை, 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிங் ஆஸ் வீ கோ' என்ற படத்தினுடையது. பாடிக்கொண்டே செல்வோம் என்பது அத்தலைப்பின் பொருள். கதை நிகழ்வது பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற லங்காஷயர் மாவட்டத்தில். ஆலை மூடப்படுகிறது. கிரேஸ் என்னும் தொழிலாளிப் பெண் வேலை இழக்கிறாள். அழுது நிற்கும் தோழர்களைப் பாட்டோடு வெளியே அழைத்து வருகிறாள். பின்பு மிதிவண்டியில் ஏறி, வேலை தேடிப் பிளாக்பூல் என்னும் கடற்கரை நகருக்குச் செல்கிறாள். விடுதியில் பணிப்பெண், குறிசொல்பவளுக்கு உதவியாள், இனிப்பு விற்பவள், செப்படி வித்தைக்காரனின் மறையும் பெண் என எத்தனையோ வேலைகள்! ஒன்றும் நிலைக்கவில்லை. அவள் உள்ளத்தில் இடம்பெற்ற இளைஞனோ, அவளுடைய தோழியை விரும்புகிறான். அதையும் அவள் வெளிக்காட்டாமல் விழுங்கிக்கொள்கிறாள். இறுதியில் புதியதொரு செய்முறையால் ஆலை மீண்டும் திறக்கப்படுகிறது. தொழிலாளரைப் பாட்டோடு உள்ளே அழைத்துச் செல்கிறாள் அவள். எந்தப் பாட்டோடு வெளியே வந்தார்களோ, அதே பாட்டோடு உள்ளே செல்கிறார்கள்.

கதை இவ்வளவே. இதில் என்ன சிறப்பு என்று நீங்கள் வினவலாம். அப்பெண்ணாக நடித்தவரின் வாழ்வை அறிந்தால் விளங்கும். கிரேசி ஃபீல்ட்ஸ் 1898-ஆம் ஆண்டு லங்காஷயரின் ராச்டேல் நகரில், தம் பாட்டியார் நடத்திய பொரித்த மீன் கடையின் மாடியில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் பருத்தி ஆலையிலும் கழித்தவர். ஆலையின் இரைச்சலை மீறி எழும் குரல் அவருடையது. மிக உயர்ந்த சுருதியில் தூய இசையாகத் தொடங்குவார். கேட்பவர் கண்கலங்கும் நேரத்தில் திடீரெனக் குரலைக் கோணலாக்கிச் சிரிக்கவைத்துவிடுவார். தம் வட்டாரப் பேச்சை அவர் மறைத்ததில்லை. 1931-இல் அவருடைய முதற்படம் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தின் தொழிலாளர் இல்லங்களில் அவர் பெயரை அறியாதார் இலர் என்னும் நிலை உண்டாயிற்று.

பிளாக்பூல் காட்சிகளில் நீங்கள் காணும் மக்கள் திரளும் பெரும்பாலும் உண்மையானதே. லங்காஷயரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் ஓர் ஊரின் ஆலைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் மூடப்படும். அவ்வாரத்தில் ஊரே புறப்பட்டுக் கடற்கரைக்குச் செல்லும். பல தொழிலாளருக்கு அந்நாட்களுக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசே அந்த ஒரு வாரத்தின் மகிழ்ச்சி. கூலியோடு கூடிய விடுமுறைக்கு வழிசெய்யும் சட்டம் 1938-இல்தான் வந்தது. ஆகவே அத்திரையில் சிரிக்கும் முகங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னே, விலை கொடுத்து வாங்கிய ஒரு சிரிப்பு இருக்கிறது.

அக்காலத்தின் மற்றொரு விண்மீன் ஜார்ஜ் ஃபார்ம்பி. 1904-இல் விகன் நகரில் பிறந்தவர். ஏழு வயதிலேயே பந்தயக் குதிரை லாயத்தில் பயிற்சிக்கு விடப்பட்டமையால் எழுத்தறிவு வாய்க்காமலே வளர்ந்தவர். பெரிய பற்கள், பேதைச் சிரிப்பு, கையில் ஒரு சிறு நரம்பிசைக் கருவி. இவையே அவருடைய மூலதனம். 1935-இல் வெளியான 'நோ லிமிட்' என்ற படத்தில் புகைபோக்கி துடைக்கும் வேலைக்காரனாக வருகிறார். தாமே பொருத்திய மோட்டார் சைக்கிளோடு மான் தீவின் பந்தயத்துக்குச் செல்கிறார். எல்லோரும் எள்ளி நகையாடுகின்றனர். முடிவில் வண்டி ஓடமறுக்க, அதைக் கையால் தள்ளிக்கொண்டே எல்லைக்கோட்டைக் கடந்து வெல்கிறார்! வெற்றியை விட அந்தத் தள்ளுதலே என் நெஞ்சில் நிற்கிறது. நம்மில் பலர் குடும்ப வண்டியை அப்படித்தானே தள்ளிக்கொண்டிருக்கிறோம்?

பெற்றோர்க்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபார்ம்பியின் பாட்டுகளில் சில இரட்டைப் பொருள் கொண்டவை. சன்னல் துடைப்பவனைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாட்டை பி.பி.சி. வானொலி ஒலிபரப்ப மறுத்ததுண்டு. ஆனால் அதே மனிதர் 1946-இல் தென்னாப்பிரிக்கா சென்றபோது, நிறவேற்றுமை பாராட்டிய அரங்குகளில் பாட மறுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஒருவரை அவருடைய ஒரு பாட்டைக் கொண்டு மட்டும் அளந்துவிடலாகாது.

நடனத்துக்கு ஜெசி மேத்யூஸ். 1907-இல் இலண்டனின் சோஹோ பகுதியில், சந்தையில் காய்கனி விற்றவரின் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். 1934-இல் வந்த 'எவர்கிரீன்' என்ற படத்தில், மறைந்துபோன பழைய பாடகியாகிய தன் தாயின் பெயரைத் தாங்கி மேடையேறும் மகளாக நடித்தார். உலகம் அவளை முதுமையிலும் இளமை மாறாத அதிசயப் பெண் என்று நம்புகிறது. பொய் ஒன்றின்மேல் கட்டிய புகழ் அவளுக்குச் சுமையாகிறது. இறுதியில் மேடையிலேயே உண்மையை வெளிப்படுத்துகிறாள். காற்றில் இறகு மிதப்பதுபோல் ஆடிய அந்த நடிகையின் சொந்த வாழ்வு மனநோயாலும் துயராலும் பலமுறை முறிந்தது. அது தெரிந்தபின் அந்நடனத்தைப் பார்ப்பது வேறொரு அனுபவம்.

கணவனும் மனைவியுமாகச் சிரிக்கவைத்தவர்களும் இருந்தனர். ஜாக் ஹல்பர்ட்டும் சிசிலி கோர்ட்னீஜும் 1916-இல் மணந்தனர். 1978-இல் கணவர் இறக்கும்வரை அறுபத்திரண்டு ஆண்டுகள் இல்லறத்திலும் கலையிலும் இணைந்திருந்தனர். ஒருவர் நகைச்சுவைக்கு மற்றவர் இத்தனை காலம் சிரிக்க முடிந்தது என்பதே ஒரு சாதனையன்றோ?

இனி ஒரு கடினமான கேள்விக்கு வருவோம். இப்படங்கள் வந்த காலம் எத்தகையது? 1933-இன் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர். பசித்தவனுக்குச் சோறு தராமல் பாட்டுத் தந்து மயக்கிய படங்கள் இவை என்று குற்றம் சாட்டுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவர்களுடைய சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. 'சிங் ஆஸ் வீ கோ' படத்தில் ஆலை ஏன் மூடப்பட்டது, யார் பொறுப்பு என்று எவரும் உரத்துக் கேட்பதில்லை. எங்கிருந்தோ ஒரு புதுமுறை வருகிறது, எல்லாம் நலமாகிவிடுகிறது.

ஆயினும் மறுபக்கம் ஒன்றுண்டு. சால்ஃபர்டு நகரைச் சேர்ந்த வால்டர் கிரீன்வுட் என்பவர் 1933-இல் 'லவ் ஆன் த டோல்' என்ற நாவலை வெளியிட்டார். வேலையின்மை ஒரு குடும்பத்தை எவ்வாறு சிதைக்கிறது என்பதே அதன் பொருள். அதைப் படமாக்க 1936-இல் முயன்றபோது தணிக்கையாளர் இசையவில்லை. போர் மூண்டபின், 1941-இல்தான் அது திரைக்கு வந்தது. அதே கிரீன்வுட்தான் ஃபார்ம்பியின் 'நோ லிமிட்' படத்துக்குக் கதை எழுதியவர்! அவ்வாறே 'சிங் ஆஸ் வீ கோ' படத்தின் கதையை எழுதியவர் ஜே. பி. பிரீஸ்ட்லி. 1933-இல் இங்கிலாந்து முழுதும் பயணம் செய்து, வேலையற்ற ஊர்களின் அவலத்தைக் கண்டு, மறு ஆண்டே அதை நூலாக வெளியிட்டவர் அவர். வறுமையை முகத்துக்கு நேரே காட்ட வாயில் அடைத்திருந்த நாளில், சிரிப்பு என்னும் பின்வாயில் வழியாகத் தொழிலாளி திரையில் நுழைந்தான். மாளிகைகளையும் சீமான்களையுமே பார்த்துப் பழகிய திரையில் அவனுடைய ஊர், அவனுடைய பேச்சு, அவனுடைய மூடிய ஆலை தெரிந்தன. தன்னை ஒருவர் கண்டுகொண்டார் என்பதே ஏழைக்கு ஓர் ஆறுதலாயிற்று.

இவற்றையெல்லாம் நான் ஓர் ஆசிரியனைப் போல விளக்கிக்கொண்டிருந்தேன். எதிரே அமர்ந்திருந்தவர் காப்பியைத் தொடவில்லை. நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"படத்தில் ஆலை திறந்தது, சரி. உண்மையில் அந்த ஊர் ஆலைகள் திறந்தனவா, சாமி?"

நான் சற்றுநேரம் பேசவில்லை. பொய் சொல்வது எளிதாக இருந்திருக்கும். ஆனால் அவர் உண்மை கேட்க வந்திருந்தார்.

"இல்லை. சில திறந்தன, பின்பு பெரும்பாலானவை மூடிவிட்டன. லங்காஷயரின் பருத்தித் தொழில் மீளவேயில்லை" என்றேன்.

"ஏன்?"

அன்பர்களே, இதற்கு விடை சொல்லும்போதுதான் அந்தப் படத்துக்கும் நமக்கும் உள்ள உறவு எனக்கே முழுமையாக விளங்கியது. 1913-இல் பிரிட்டன் ஏறக்குறைய 700 கோடி கஜம் பருத்தித் துணியை ஏற்றுமதி செய்தது. அதில் ஏறத்தாழ 300 கோடி கஜம் இந்தியாவுக்கு வந்தது. நம் பாட்டன்மார் உடுத்திய மல்லும் வேட்டியும் பெரும்பாலும் அங்கே நெய்தவையே. 1938-இல் அந்நாட்டின் மொத்த ஏற்றுமதியே 150 கோடி கஜத்துக்கும் குறைந்துவிட்டது. ஜப்பானின் போட்டி ஒரு காரணம். நம் நாட்டில் எழுந்த ஆலைகளும், சுங்க வரியும், சுதேசி இயக்கமும் பிற காரணங்கள். பைக்காராவில் 1932-இல் மின்சாரம் பிறந்தபின் கோவையில் நூற்பாலைகள் பெருகின. ஆக, அங்கே ஒரு கிரேஸ் வேலை இழந்து மிதிவண்டியில் ஏறிய காலத்தில், இங்கே ஒரு தொழிலாளி முதன்முறையாக ஆலைச் சங்கைக் கேட்டு ஓடிக்கொண்டிருந்தார். அந்நியன் நம் நெசவாளரை நலிவுறச் செய்த பழைய அநீதிக்கு அது ஒரு தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே தெருவில் நின்றவள் அநீதி செய்தவள் அல்லள்.

இதை நன்கு உணர்ந்தவர் காந்தியடிகள். 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றிருந்தபோது, அவர் லங்காஷயருக்கே நேரில் சென்றார். டார்வென் நகரருகே, அந்நியத் துணி மறுப்பால் பாதிக்கப்பட்ட ஆலைத் தொழிலாளரின் நடுவிலேயே தங்கினார். தம் நாட்டு ஏழையின் நிலையை அவர்களுக்கு எடுத்துரைத்தார். அவர்களுடைய துன்பத்தையும் செவிமடுத்தார். கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை, அவர்களை வெறுக்கவுமில்லை. அவரைச் சூழ்ந்து ஆலைப் பெண்கள் ஆரவாரம் செய்யும் புகைப்படத்தை நீங்கள் கண்டிருக்கலாம். அந்த முகங்களில் ஒன்று கிரேசி ஃபீல்ட்ஸின் படத்தைக் காண வரிசையில் நின்ற முகமாக இருந்திருக்கக்கூடும்.

"அப்படியானால் அந்தப் பாட்டு பொய்தானே?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

"முடிவு பொய்யாக இருக்கலாம். தொடக்கத்தில் பாடியது பொய்யில்லை" என்றேன். "ஆலை திறந்ததற்காக அவள் பாடத் தொடங்கவில்லை. மூடிய அன்றே பாடினாள். ஆலையோடு தாங்களும் முடிந்துபோகவில்லை என்பதை ஒருவருக்கொருவர் நினைவூட்டப் பாடினார்கள். உங்கள் மகள் மேடையேறுவது உங்கள் துன்பத்தை மறந்தல்ல. அப்பா தலைநிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவள் ஆசைப்படுகிறாள்."

அவர் விடை சொல்லவில்லை. ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

கிரேசி ஃபீல்ட்ஸின் பிற்கால வாழ்வும் கதைபோல் இனிதாக அமையவில்லை. 1939-இல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மறு ஆண்டு, இத்தாலியில் பிறந்த இயக்குநர் மாண்டி பேங்க்ஸை மணந்தார். இத்தாலி போரில் இறங்கியதும் கணவர் பகைநாட்டவராகச் சிறைவைக்கப்படுவார் என்று அஞ்சி, அவரோடு அமெரிக்கா சென்றார். நேற்றுவரை போற்றிய செய்தித்தாள்களில் சில அவரைத் தூற்றின. அவர் பதிலுக்குத் தூற்றவில்லை. பாடிப் பணம் திரட்டினார்; போர்வீரர் நடுவே சென்று பாடினார். 1979-இல் காப்ரித் தீவில் காலமானார். காணாமற்போனதாகக் கருதப்பட்ட அவருடைய 1934-ஆம் ஆண்டுப் படம் ஒன்று, எண்பது ஆண்டுகளுக்குப் பின், 2014-இல் நெதர்லாந்தில் கண்டெடுக்கப்பட்டது. 'லவ், லைஃப் அண்ட் லாஃப்டர்' என்பது அதன் பெயர்: அன்பு, வாழ்வு, சிரிப்பு.

வீட்டில் விடுமுறை நாளொன்றில் இப்படங்களுள் ஒன்றைக் குடும்பமாக அமர்ந்து பாருங்கள். மொழி முழுதும் விளங்காவிட்டாலும் குறையில்லை. வீட்டில் முதியோர் இருந்தால், அவர்களுடைய கடினமான நாட்களில் எந்தப் பாட்டு துணைநின்றது என்று பிள்ளைகள் கேட்கட்டும். நீங்கள் எதிர்பாராத கதைகள் வெளிவரும்.

திருவிழா இரவில் நாடகம் நடந்தது. அந்தச் சிறுமி பேராசைக்கார மாமியாராக வந்து, வெற்றிலை இடித்துக்கொண்டே பாடியபோது கூட்டம் சிரித்து ஓய நெடுநேரம் ஆயிற்று. அவளுடைய தந்தையை நாற்காலி வரிசைகளில் தேடினேன், காணவில்லை. பின்னர்தான் கண்டேன். பந்தலின் கடைசிக் கம்பத்தருகே, இளைய மகனைத் தோளில் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். பையன் கைதட்டினான். அவர் தட்டவில்லை, மகனின் கால்களை இரு கைகளாலும் பிடித்திருந்தார். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆலை இன்னும் திறக்கவில்லை. அவர் இப்போது ஒரு லாரிக் கொட்டகையில் நாட்கூலிக்குச் செல்கிறார். உங்களில் எவருக்கேனும் நூற்பாலை வேலை நன்கறிந்த ஒருவர் தேவைப்பட்டால், அறைவீட்டில் வந்து என்னைக் கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை